குமிழ் மரப் பலகையில் ஒரு காற்றாலை இறக்கை: பரிணாம வழிமுறையில் வடிவமைத்த அனுபவம்

காற்றாலை இறக்கையின் வடிவத்தைச் சூத்திரம் போட்டே கண்டுபிடித்துவிடலாம். சுழலியின் விட்டம் என்ன, எத்தனை இறக்கை, இறக்கை நுனி காற்றைவிட எத்தனை மடங்கு வேகமாக ஓட வேண்டும், இவற்றை முடிவு செய்தால் போதும். அடியிலிருந்து நுனிவரை எங்கே எவ்வளவு அகலம், எத்தனை டிகிரி முறுக்கு என்பது ஒரு எக்செல் தாளிலேயே வந்துவிடும். நானும் அதைத்தான் முதலில் போட்டேன். விட்டம் 1.2 மீட்டர், 3 இறக்கை, நுனிவேக விகிதம் 5. மையத்திலிருந்து 150 மி.மீ. தள்ளி அகலம் 139 மி.மீ., முறுக்கு 21 டிகிரி. 300-இல் 89 மி.மீ., 9.5 டிகிரி. 450-இல் 63 மி.மீ., 5 டிகிரி. நுனியில் 48 மி.மீ., 2.5 டிகிரி.

பாடப்புத்தகக் கணக்கில் நல்ல இறக்கை. ஆனால் என் ஜெனரேட்டரில் இதை மாட்டினால், காற்று விநாடிக்கு 4.6 மீட்டரைத் தொடும்வரை அசையாது. இரண்டு அங்குலப் பலகையில் இதைச் செதுக்கவும் முடியாது. இந்த இரண்டு சங்கதியும் சூத்திரத்துக்குத் தெரியாது. அவற்றைக் கணக்குக்குள் கொண்டுவரத்தான், பல வடிவங்களை மாற்றி மாற்றிப் பார்த்து நல்லதை மட்டும் வைத்துக்கொண்டே போகும் பரிணாம வழிமுறைக்குப் போனேன்.

தேவை சின்னதுதான். தென்காசிப் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் ரூமுக்கு விளக்கு, கேமரா, ஒரு 12 வோல்ட் பேட்டரி. செங்கோட்டைக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவத்தில் காற்று கொட்டும். ஆடியில் எந்த இறக்கையை மாட்டினாலும் சுற்றும். கவலை மற்ற மாதங்களைப் பற்றித்தான். அப்போது காற்று பெரும்பாலும் 3-க்கும் 5-க்கும் நடுவில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். 1.2 மீட்டர் விட்டத்தின் வழியே விநாடிக்கு 6 மீட்டர் காற்று போனால் அதில் மொத்தம் 140 வாட் இருக்கும். 4 மீட்டர் என்றால் 42 வாட்தான். வேகத்தின் மும்மடிக்கு ஆற்றல் மாறுவதால் வரும் வித்தியாசம் இது. அதிலும் பெட்ஸ் வரம்பான 59.3 சதவீதத்துக்கு மேல் எந்த இறக்கையாலும் எடுக்க முடியாது. மெல்லிய காற்றில் கையில் கிடைப்பது கொஞ்சம்தான் என்பதால், அதைத் தவறவிடாமல் பிடிக்கும் இறக்கைதான் எனக்கு வேண்டும்.

கணினிப் பக்கம் போகுமுன் ஜெனரேட்டரை அளந்தாக வேண்டும். நிரந்தரக் காந்த ஜெனரேட்டரின் தண்டைக் கையால் திருப்பிப் பார்த்தால் கட்டக்கட்டவென்று பிடித்துப் பிடித்து விடும். காந்தம் இரும்புப் பற்களை இழுப்பதால் வரும் இந்தக் கோகிங் திருகுவிசைதான், நிற்கும் காற்றாலை தொடங்குவதற்கு முதல் தடை. இதை அளக்கப் பெரிய கருவி தேவையில்லை. 40 செ.மீ. அலுமினியப் பட்டையை நடுவில் துளைத்து, இரு பக்கமும் சமமாக நிற்கும்படி தண்டில் மாட்டினேன். மையத்திலிருந்து 20 செ.மீ. தள்ளி ஒரு பிளாஸ்டிக் டப்பாவைத் தொங்கவிட்டு, அது நழுவி இறங்கும்வரை மணல் சேர்த்துக்கொண்டே போனேன். பிறகு டப்பாவோடு எடை போட்டேன். தண்டை வெவ்வேறு நிலைகளில் வைத்துப் பார்த்ததில் அதிகபட்சம் 60 கிராம். அதாவது 0.12 நியூட்டன் மீட்டர். சராசரியை எடுக்கக் கூடாது. இறக்கை எந்தப் பல்லில் நிற்கும் என்று நமக்குத் தெரியாது, அதனால் அதிகபட்சம்தான் கணக்கு.

அடுத்து மின்சாரம். தெரிந்த லேத் பட்டறையில் ஜெனரேட்டர் தண்டைச் சக்கில் பிடித்து, ஏசியை டிசியாக்கும் ரெக்டிஃபயர் வழியாகப் பேட்டரியில் இணைத்து ஓட்டினோம். லேத்தில் வேகம் படிப்படியாகத்தான் மாறும், அதுவே போதும். நிமிடத்துக்கு 260 சுற்றுவரை ஒன்றும் வரவில்லை. 320-இல் முக்கால் ஆம்பியர், 500-இல் 3, 630-இல் 4.6. கிட்டத்தட்ட நேர்கோடு. இந்தக் கோடு எனக்கு மிக முக்கியம். நேரடியாக ரெக்டிஃபயர் வழியே பேட்டரிக்குப் போகும் அமைப்பில் இறக்கை எந்த வேகத்தில் சுற்றும் என்பதை இறக்கை மட்டும் முடிவு செய்வதில்லை, ஜெனரேட்டரும் சேர்ந்தே முடிவு செய்கிறது. இறக்கையை மட்டும் தனியாக வைத்து உச்சத் திறனைத் தேடுவது பாதி வேலைதான்.

இனி இறக்கையைக் கணக்கிடும் நிரல். உலகமெங்கும் பயன்படும் பிளேடு எலிமென்ட் மொமென்டம் முறையைத்தான் பைத்தானில் எழுதினேன். இறக்கையை இருபது துண்டாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டும் காற்றை எவ்வளவு மெதுவாக்குகிறது, அந்த மெதுவான காற்று அந்தத் துண்டுக்கு எவ்வளவு தூக்குவிசை தருகிறது என்ற இரண்டும் ஒத்துப்போகும் இடத்தைத் தேட வேண்டும். இதைச் சுற்றிச்சுற்றி மீள்கணக்கில் செய்தால் சில வடிவங்களுக்கு விடை குவியாமல் திணறும். பரிணாம வழிமுறையோ நாம் கனவிலும் நினைக்காத கோணல் வடிவங்களையெல்லாம் கொண்டுவந்து நிறுத்தும், ஒவ்வொன்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும். ஆண்ட்ரூ நிங் 2014-இல் வெளியிட்ட முறையில், காற்று வந்து சேரும் கோணம் ஒன்றையே மாறியாக வைத்து, விடை கட்டாயம் கிடைக்கும்படி சமன்பாட்டை மாற்றியிருக்கிறார். அதை எடுத்துக்கொண்டதும் அந்தப் பிரச்சினை அடியோடு தீர்ந்தது. நுனியைச் சுற்றிக் காற்று நழுவுவதால் வரும் நுனி இழப்புக்குப் பிராண்டல் திருத்தம், கோணம் கூடிப்போய்த் தூக்குவிசை விழும் ஸ்டாலுக்கு அப்பாலுள்ள கோணங்களுக்கு விட்டர்னா முறை.

ஏர்ஃபாயில், அதாவது இறக்கையின் குறுக்குவெட்டு வடிவம், நாக்கா 4412. இதைவிடத் திறனான வடிவங்கள் உண்டு. சிறு காற்றாலைகளுக்கென்றே செலிக்கும் ஜிகேரும் வடிவமைத்த எஸ்ஜி வரிசை இருக்கிறது. ஆனால் 4412-இன் அடிப்பக்கம், பின்பாதியில் கிட்டத்தட்டத் தட்டை. கையால் செதுக்குகிறவருக்கு அது பெரிய வசதி. தூக்கு, இழுவை எண்களை எக்ஸ்ஃபாயில் என்ற ஏர்ஃபாயில் மென்பொருளில் எடுத்தேன். இங்கே ஒரு விஷயத்தை விடக்கூடாது. இந்த அளவு இறக்கையில், அகலத்தையும் காற்றோட்ட வேகத்தையும் பொறுத்து மாறும் ரெனால்ட்ஸ் எண் ஒரு லட்சத்தை ஒட்டியே இருக்கிறது, மெல்லிய காற்றில் 60,000-க்கும் இறங்கிவிடும். அங்கே ஏர்ஃபாயிலின் குணம் வேகமாகக் கெடும். எல்லா இடத்துக்கும் ஒரே அட்டவணையைக் கொடுத்தால், அகலத்தைக் குறைப்பதால் வரும் இந்தக் கேடு கணினிக்குத் தெரியவே தெரியாது. 40,000-லிருந்து 1,50,000 வரை நான்கு அட்டவணைகள் எடுத்து இடைக்கணிப்பு செய்தேன். தோட்டத்துக் காற்று காற்றுச் சுரங்கக் காற்றைப் போல அமைதியானதல்ல, மர இறக்கையும் கண்ணாடி மாதிரி இருக்காது. அதனால் எக்ஸ்ஃபாயிலில், காற்றோட்டம் எவ்வளவு சீக்கிரம் கொந்தளிப்பாக மாறும் என்பதைக் குறிக்கும் என்கிரிட் மதிப்பை வழக்கமான 9-இலிருந்து 5-ஆக இறக்கினேன்.

பரிணாம வழிமுறையின் கதையே காற்றில் தொடங்கியதுதான். 1964-இல் பெர்லின் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் இங்கோ ரெச்சன்பெர்க், ஆறு பட்டைகளை ஐந்து மூட்டுகளால் இணைத்த ஒரு தகட்டைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்தார். ஒவ்வொரு மூட்டுக்கும் 51 நிலைகள். மொத்தம் சுமார் 34.5 கோடி வடிவங்கள் சாத்தியம். மூட்டுகளைச் சமவாய்ப்பாகக் கொஞ்சம் மாற்றுவது, இழுவை குறைந்தால் வைத்துக்கொள்வது, இல்லையென்றால் பழையதற்கே திரும்புவது. நெளிந்து கிடந்த தகடு முந்நூறு சொச்சம் மாற்றங்களில் தட்டையாகிவிட்டது. விடை முன்பே தெரிந்த கேள்விதான். ஆனால் எந்தச் சூத்திரமும் தெரியாத ஒரு முறை தானாக அந்த விடைக்கு வந்து சேர்ந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு உற்சாகம் பிறக்கும்.

நான் எடுத்தது ஸ்டோர்னும் பிரைஸும் 1995-இல் அறிமுகப்படுத்திய டிஃபரென்ஷியல் எவல்யூஷன். பைத்தானின் சைபை நூலகத்திலேயே இருக்கிறது. முறை எளிமையானது. ஒரு கூட்டம் இறக்கைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எண்களின் வரிசை. அவற்றில் இரண்டை எடுத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். அந்த வித்தியாசத்தில் பாதியிலிருந்து முழுசுவரை ஏதோ ஒரு பங்கை மூன்றாவது இறக்கையோடு கூட்ட வேண்டும். அப்படி வந்த புதியதின் எண்களில் சிலவற்றைப் பழையதோடு கலந்து, பிறந்த குழந்தை பழையதைவிட நன்றாக இருந்தால் அதன் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். கூட்டம் சிதறி இருக்கும்போது வித்தியாசங்கள் பெரிதாக இருப்பதால் பெரிய தாவல்கள் வரும். கூட்டம் ஒன்றுகூட ஆரம்பித்ததும் தாவலும் தானே சுருங்கும். இந்த ஒரு குணத்துக்காகவே எனக்கு இதைப் பிடிக்கும்.

ஒவ்வொரு துண்டின் அகலத்தையும் முறுக்கையும் தனித்தனி மரபணுவாக, அதாவது கணினி மாற்றிப் பார்க்கும் எண்ணாக, விட்டால் என்ன ஆகிறது என்று முதலில் பார்த்தேன். எதிர்பார்த்தபடியே பின்விளிம்பு அலை அலையாக வந்தது. கணக்கில் பக்கத்துத் துண்டுகளுக்குள் எந்த உறவும் இல்லை, அட்டவணையில் உள்ள சின்ன மேடு பள்ளங்களையெல்லாம் துண்டுகள் தனித்தனியாகச் சுரண்டப் பார்க்கும். அதனால் அகலத்துக்கு நான்கு புள்ளி, முறுக்குக்கு நான்கு புள்ளி, நடுவே வழுவழுப்பான வளைவு என்று வைத்தேன். எட்டே மரபணு. கூட்டம் 120 இறக்கை.

அப்புறம் மதிப்பெண். எந்த இறக்கை நல்லது என்று கணினிக்குச் சொல்லும் இடம் இதுதான், வடிவமைப்பு உண்மையில் நடப்பதும் இங்கேதான். காற்றின் ஆற்றலில் இறக்கை எடுக்கும் பங்கான திறன் கெழுவை மட்டும் மதிப்பெண்ணாக வைத்தால், சூத்திர இறக்கையையே சற்று மெருகேற்றித் திருப்பித் தரும். அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். நான் வைத்தது பேட்டரிக்குள் போகும் ஆற்றல். தோட்டத்தில் காற்றுவேகத்தை அளக்கும் கப் அனிமாமீட்டர் வைத்து விநாடிக்கு ஒரு அளவாகப் பதிவு செய்த காற்றை, பருவக் காலத்திலும் மந்தக் காலத்திலும் எடுத்ததை, அப்படியே ஒவ்வோர் இறக்கையின் மேலும் ஓட்டினேன். நிற்கும் இறக்கைக்கு அந்தக் காற்றில் கிடைக்கும் திருகுவிசை 0.12-ஐத் தாண்டுகிறதா? தாண்டினால் சுழலத் தொடங்கும். தன் எடையையும் இழுத்துக்கொண்டு வேகம் பிடிக்கும். 260 சுற்றைத் தாண்டினால் மின்சாரம். காற்று விழுந்தால் மெதுவாகும், மிகவும் விழுந்தால் நிற்கும், மறுபடி முதலிலிருந்து.

இப்படி ஓட்டிப் பார்க்கும்போதுதான் தொடங்குவதன் அருமை தெரிந்தது. ஒருமுறை சுழன்றுவிட்டால் கோகிங் சராசரியில் கழிந்துபோகும், 3 மீட்டர் காற்றில்கூட இறக்கை நிற்காமல் கொஞ்சம் மின்சாரம் தரும். ஆனால் நின்றுவிட்டால் மறுபடி கிளம்ப 4.6 மீட்டர் வீச்சு ஒன்று வரவேண்டும். மந்தக் காலத்தில் அந்த வீச்சுக்காகக் காத்திருக்கும் நேரம்தான் பெரிய நஷ்டம். இதே யோசனையில் கிளிஃப்டன்-ஸ்மித்தும் டேவிட் வுட்டும் 2007-இல் டிஃபரென்ஷியல் எவல்யூஷனையே பயன்படுத்தி, திறனில் சிறிதளவு விட்டுக்கொடுத்தால் தொடங்கும் நேரத்தை 20 மடங்குவரை குறைக்கலாம் என்று காட்டியிருக்கிறார்கள்.

நிற்கும் இறக்கைக்குக் கிடைக்கும் திருகுவிசை எங்கிருந்து வருகிறது? ஒவ்வொரு துண்டிலும் அகலம், மையத்திலிருந்து தூரம், முறுக்கின் இருமடங்குக்கான சைன், இந்த மூன்றின் பெருக்கல். நுனியில் முறுக்கு மிகக் குறைவு, அதனால் அங்கே ஒன்றும் கிடைக்காது. அடிப்பகுதியை அகலமாக்கி முறுக்கைக் கூட்டுவதுதான் வழக்கமான வைத்தியம். கட்டுப்பாடு எதுவும் போடாமல் விட்டபோது கணினியும் அதையேதான் செய்தது: அடியில் 150 மி.மீ. அகலம், 27 டிகிரி.

இந்த இடத்தில் பலகை குறுக்கே வந்தது. 150 மி.மீ. அகலத்தை 27 டிகிரி சாய்த்தால் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் 68 மி.மீ. உயர வித்தியாசம். இழைத்த பிறகு இரண்டு அங்குலப் பலகையில் மிஞ்சுவது 48 மி.மீ. சூத்திர இறக்கையே 50 மி.மீ. கேட்கிறது, ஏர்ஃபாயிலின் கனம் வேறு. அடுக்கி ஒட்டலாம்தான், ஆனால் ஒரே பலகையில் வரும் உறுதியும் நார் ஓட்டமும் அதில் வராது. வேலை செய்து தந்த தச்சர் அண்ணாச்சியிடம் நுனி அளவைக் காட்டியபோது இன்னொன்று சொன்னார்: “தம்பி, அஞ்சு மில்லி கனத்துல ஓரம் பிசிறிடும். ஆறாவது வையுங்க.” 12 சதவீதக் கனமுள்ள ஏர்ஃபாயிலில் 6 மி.மீ. கனம் என்றால் நுனி அகலம் 50 மி.மீ.க்குக் குறையக் கூடாது. இரண்டையும் நிபந்தனையாகச் சேர்த்தேன். பலகைக்குள் அடங்காத இறக்கை எவ்வளவு திறனாக இருந்தாலும் மதிப்பெண் கிடையாது. கோணத்தில் ஒரு டிகிரி முன்னே பின்னே போவது கைவேலையில் சகஜம் என்பதால், ஒவ்வோர் இறக்கையையும் அந்தப் பிசகோடும் ஓட்டி, அதில் குறைந்த மதிப்பெண்ணையே எடுத்துக்கொண்டேன். இப்படி வெட்டு வெட்டாக விழும் மதிப்பெண்களைச் சரிவு பார்த்து இறங்கும் வழக்கமான உகப்பாக்க முறைகள் தாங்காது. பரிணாம முறைக்கு இதெல்லாம் ஒரு பொருட்டே இல்லை. சைபையில் கடைசியில் தானாக ஓடும் மெருகேற்றும் படியை மட்டும் அணைத்துவிட வேண்டும், அது சரிவு பார்க்கிற வகை.

வந்த விடை எனக்குப் புதிதாக இருந்தது. அடிப்பகுதி பலகையின் அகலத்தையும் கனத்தையும் ஒருசேர நிரப்பிக்கொண்டு 152 மி.மீ., 16 டிகிரியில் நின்றுவிட்டது, அதாவது சூத்திரம் சொன்னதைவிடக் குறைந்த முறுக்கு. தொடங்கும் பொறுப்பை நடுப்பகுதி ஏற்றுக்கொண்டது. 300-இல் 115 மி.மீ., 12.5 டிகிரி. 450-இல் 72 மி.மீ., 6.5 டிகிரி. நுனியில் 50 மி.மீ., 3 டிகிரி. பார்த்தால் வயிறு உப்பிய இறக்கை. நடுவில் தூரமும் கூடக் கிடைக்கிறது, பலகைக்குள்ளும் இடம் மிச்சமிருக்கிறது, அதனால் அங்கே அகலத்தைச் சேர்ப்பது லாபம். யோசித்தால் புரிகிறது, ஆனால் நானாக இதை வரைந்திருக்க மாட்டேன். சமவாய்ப்பு எண்களின் தொடக்கத்தை மாற்றி மாற்றி ஓட்டினாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் இதே வடிவம்தான் வந்தது. நிற்கும் திருகுவிசை சூத்திர இறக்கையைப் போல 1.4 மடங்கு, தொடங்கும் வேகம் 3.9 மீட்டர். திறன் கெழு 0.44-இலிருந்து 0.42-ஆக இறங்கியது.

இந்தப் பேரம் சரிதானா என்று பார்க்க, மதிப்பெண்ணை இரண்டாகப் பிரித்து என்எஸ்ஜிஏ-2-விலும் ஓட்டினேன். ஐஐடி கான்பூரில் கல்யாண்மய் தேப்பும் உடன் பணியாற்றியவர்களும் 2002-இல் வெளியிட்ட முறை அது, பைமூ நூலகத்தில் கிடைக்கிறது. ஒற்றை விடைக்குப் பதிலாக, ஒரு முனையில் அதிகத் திறன், மறுமுனையில் சீக்கிரம் தொடங்குவது என்று ஒரு வரிசை இறக்கைகளைத் தரும். 3.9 மீட்டர்வரை வளைவு கிட்டத்தட்டத் தட்டையாகப் போய், அதற்கப்புறம் திறன் சடாரென்று விழுந்தது. என் இறக்கை அந்த முழங்கையில்தான் உட்கார்ந்திருந்தது. திருப்தியாக இருந்தது.

மரம் குமிழ். செதுக்க இணக்கமானது, எடை குறைவு, காய்ந்த பிறகு அதிகம் கோணாது. கணு இல்லாத, நார் நீளவாக்கில் ஓடும் பலகையாக அண்ணாச்சியே பார்த்து எடுத்தார். ஒவ்வொரு 50 மி.மீ.க்கும் அகலமும், பின்விளிம்பு பலகை மட்டத்திலிருந்து எவ்வளவு இறங்க வேண்டும் என்பதும் கொண்ட ஒரு தாளை நிரலிலிருந்தே எடுத்துக் கொடுத்தேன். கோணத்தை டிகிரியில் கொடுத்தால் பட்டறையில் பயனில்லை, மில்லிமீட்டரில் கொடுக்க வேண்டும். அந்தந்த இடத்தில் ரம்பத்தால் குறுக்கே கோடுவரை வெட்டு போட்டு, வெட்டுகளுக்கு நடுவே உளியால் சில்லு சில்லாகத் தட்டி எடுத்து, இழைப்புளியால் சமன் செய்தால் முறுக்கிய அடிப்பக்கம் தயார். மேல்பக்கம் அப்புறம். தகரத்தில் வெட்டிய ஏர்ஃபாயில் அச்சுகளை வைத்து, வெளிச்சம் தெரியாதவரை அரமும் உப்புத்தாளும். முன்விளிம்பின் உருண்டைக்குத்தான் நேரம் பிடித்தது. அங்கே ஒரு மில்லிமீட்டர் தட்டையானாலும் ஏர்ஃபாயிலின் குணமே மாறிவிடும்.

ஓர் இறக்கை சுமார் 250 கிராம். 700 சுற்றில் ஒவ்வொன்றும் மையத்தை 38 கிலோ பாரத்துக்குச் சமமாக வெளியே இழுக்கும், அதனால் அடிப்பகுதியை இரு பக்கமும் எஃகுத் தட்டு வைத்து இறுக்கினோம். மூன்றையும் ஒரே எடைக்குக் கொண்டுவந்து, பூட்டிய பிறகு எந்த நிலையில் விட்டாலும் அசையாமல் நிற்கும்படி சமன் செய்தோம். பியூ வார்னிஷ் மூன்று பூச்சு, முன்விளிம்புக்கு மட்டும் மேலே ஒரு நாடா.

6 மீட்டர் ஜிஐ பைப்பில் ஏற்றி, கம்பி கட்டி நிறுத்தினோம். புயல் வீச்சுக்கு வால் மடங்கும் அமைப்பு, கையால் நிறுத்த மூன்று ஃபேஸையும் குறுக்கிணைக்கும் சுவிட்ச். சுற்று எண்ணிக்கை, மின்னோட்டம், காற்றுவேகம் மூன்றும் ஒரே பதிவில் சேர்கின்றன. ஜெனரேட்டரோடு வந்த நைலான் இறக்கை 5 மீட்டருக்குப் பக்கத்தில்தான் கிளம்பும். இது பெரும்பாலும் 4.1-இல் கிளம்புகிறது. கணக்கு சொன்னது 3.9. காற்று திசை மாறி வீசும்போது சுழலி திரும்பிக்கொள்ள எடுக்கும் நேரம் என் கணக்கில் இல்லை. அந்த இடைவெளிக்கு அதையே முதல் காரணமாகப் பார்க்கிறேன். 6 மீட்டரில் 37 வாட் எதிர்பார்த்தேன், 34 வருகிறது. 8 மீட்டரில் 63-க்கு 55. மந்தக் காலத்துச் சாயங்காலங்களில் காற்று 3-க்கும் 4-க்கும் நடுவே தத்தளிக்கும்போது இது நிற்காமல் ஓடுவதைப் பதிவில் பார்க்கிறேன். எனக்கு வேண்டியது அதுதான்.

இந்த அளவுகளை எடுத்துச் செதுக்க நினைப்பவர்கள் முதலில் தங்கள் ஜெனரேட்டரின் கோகிங்கை அந்த மணல் டப்பா முறையில் அளந்துகொள்ளுங்கள். 60 கிராமை ஒட்டி இருந்தால் இதே இறக்கை பொருந்தும். 30-ஐ ஒட்டி இருந்தால் வயிறு இவ்வளவு வேண்டாம், சூத்திர வடிவத்துக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். 100-ஐத் தாண்டினால் 1.2 மீட்டர் விட்டம் போதாது. அடுத்த ஓட்டத்தில் ரெக்டிஃபயருக்குப் பின்னால், அதிகபட்ச மின்திறன் கிடைக்கும் நிலையைத் தேடிப் பிடிக்கும் ஒரு எம்பிபிடி கன்ட்ரோலரைச் சேர்க்கப்போகிறேன். பேட்டரி வோல்ட்டோடு சுற்று வேகம் கட்டுப்பட்டுக் கிடப்பது அப்போது விலகும் என்பதால், நுனிவேக விகிதமும் ஒன்பதாவது மரபணுவாகக் கூட்டத்துக்குள் வரும்.